உறை பிரிக்காத நவம்பர்

பிப்ரவரி 4

தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலமா என்று கேட்பதற்காக எழுதவில்லை. பத்தொன்பது வருடமாகக் கேட்காததை இன்றைக்குக் கேட்டால் எனக்கே சிரிப்பு வரும். விலாசம் உன் சின்ன அத்தையிடம் வாங்கினேன். போன் நம்பரும் கொடுத்தார். வேண்டாம் என்றேன். போனில் பேசினால் முதல் வார்த்தையே திட்டாகத்தான் வரும். கடிதம் என்றால் மூன்றாவது வரி வரைக்குமாவது தாங்கும்.

விஷயம் இதுதான். நீ விட்டுவிட்டுப் போன பாராசூட் புத்தகங்கள் என் அறையில் இருக்கின்றன. கட்டிலுக்கு அடியில் நான்கு கட்டு, தையல் மெஷினுக்குப் பின்னால் மூன்று கட்டு. மொத்தம் இருநூற்று ஆறு. நூற்று எழுபத்தைந்து நீ இருந்தபோது படித்துப் புரட்டியவை. மூன்று வருடத்துக்குச் சந்தா கட்டிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய் அல்லவா, அதற்குப் பிறகு மாதாமாதம் என் வீட்டுக்கே வந்துகொண்டிருந்தன. அப்படி வந்தவை முப்பத்தொன்று. பிளாஸ்டிக் உறையோடு, உன் பெயர் ஒட்டியபடியே இருக்கின்றன. பிரிக்கவில்லை.

மார்ச் பதினைந்தாம் தேதி வீடு மாறுகிறோம். நீ வாலு வாலு என்று கூப்பிடுவாயே, என் மகள், அவள் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். புது வீட்டில் எனக்குப் பாதி அறை, ஒரு அலமாரி. மீதிப் பாதி பேத்திக்கு. அலமாரியில் என் புடவைகள் நிற்குமா, உன் புத்தகங்கள் நிற்குமா என்று மகள் கேட்கிறாள். நியாயமான கேள்வி.

பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டால் முடிந்தது என்பாய். எனக்கு அது முடியவில்லை. ஒவ்வொரு மாதமும் கடைசிப் பக்கங்களில் சிவப்புக் கோடு போட்டு விபத்துச் செய்தி வரும், நீயும் உன் அண்ணனும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படிப்பீர்கள், எவன் பாராசூட்டை எப்படித் தப்பாக மடித்துக் கட்டினான், எவன் கால் உடைந்தது என்று. என் கதையும் அதில் வந்திருக்கும். கடைக்காரன் அந்தத் தாளைக் கிழித்துப் பொட்டலம் கட்டுவான், பொட்டலத்தை வாங்கிப் போகிறவன் பிரித்துப் படிப்பான். அதற்குப் பயந்துதான் இத்தனை வருடம் இதன்மேல் படுத்துக் கிடக்கிறேன். எரிக்கலாம் என்றால் அடுத்தவர் பெயர் ஒட்டிய பொருள்.

வைத்துக்கொள்கிறாயா, போடட்டுமா, ஒரு வரி எழுது. தபாலில் எழுது.

அண்ணி


பிப்ரவரி 11

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் கையெழுத்தை உறைமேல் பார்த்ததும் உடனே பிரிக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய், சாயங்காலம் வந்து பிரித்தேன். நான் இப்போது கட்டிடங்களில் லிஃப்ட் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். கயிறு, கொக்கி, பிரேக் எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பாராசூட்டைத் தொட்டுப் பத்தொன்பது வருடமாகிறது.

புத்தகங்களைப் போட்டுவிடுங்கள் அண்ணி. எனக்கு வேண்டாம். உங்கள் புடவைகளுக்குப் பதிலாக அவை அலமாரியில் நிற்பது என்பது கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

ஒரே ஒரு இதழ் மட்டும். நான் வீட்டை விட்டுப் போன அந்த வருடத்து நவம்பர். அதை வைத்துக்கொள்ள உங்களுக்கு மனம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதையும் போட்டுவிடுங்கள், உங்கள் இஷ்டம். நீங்களோ அண்ணனோ அப்போதே பார்த்திருப்பீர்கள். ஒரு வருடம் காத்திருந்தேன். பதில் வரவில்லை. வராததுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன், அதில் எனக்கு வருத்தம் சொல்ல உரிமை இல்லை. அண்ணன் காரியத்துக்கு வந்தபோதும் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் திரும்பவில்லை. அதுவும் சரிதான்.

வாலுவின் பிள்ளைகளுக்கு என் அன்பு. வேண்டாம் என்றால் சொல்ல வேண்டாம்.

தம்பி


பிப்ரவரி 19

தம்பிக்கு,

திரும்பவில்லை என்று யார் சொன்னது? நீலச் சட்டை, காலர் நைந்துபோனது, மேல் பொத்தான் வேறு நிறம். தைத்துக் கொடுக்க ஒருத்தி இல்லையா என்று அன்றைக்கே மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். கேட்டதற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

என்ன பார்த்திருப்பேன், எதைப் படித்திருப்பேன்? எனக்கு இங்கிலீஷ் தெரியுமா? பாராசூட்டை மடித்துக் கட்டின பையோடு வைக்கிற அட்டையில் தேதியும் பை எண்ணும் என் கையெழுத்தும் இங்கிலீஷில் எழுத நீதான் சொல்லிக் கொடுத்தாய், அதோடு என் இங்கிலீஷ் சரி. உறை பிரிக்கவில்லை என்று போன கடிதத்திலேயே எழுதினேன். நீ எதையும் முழுதாகப் படிக்கிற ஆள் இல்லை என்பது எனக்குப் புதிதல்ல. பரீட்சைத் தாளையே பாதி படித்துவிட்டுப் பதில் எழுதி வந்தவன்.

ஏன் பிரிக்கவில்லை என்றா கேட்கிறாய்? நாம் வேலை பார்த்த பாராசூட் கொட்டகையில் என்ன விதி? ஒருத்தர் கட்டி அட்டை வைத்த பையை இன்னொருத்தர் பிரிக்கக் கூடாது. பிரித்தால் முழுக்கப் பிரித்து, விரித்து, மறுபடியும் முதலிலிருந்து கட்டி, தன் பெயரில் அட்டை வைக்க வேண்டும். பதினோரு வருடம் அந்தத் தரையில் முழங்கால் போட்டுக் கட்டினேன். ஒரு நாள் அதை மீறியதில்லை. உறையின்மேல் இருந்தது உன் பெயர். நான் எப்படிப் பிரிப்பேன்? உன் அண்ணன் ஒருமுறை பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "அது உங்க பேருக்கா வந்துச்சு?" என்றேன். வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவரும் தொடவில்லை. மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தன் அம்மா கட்டிய பாராசூட் திறக்கவில்லை என்பதை அவள் வாயால் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டுமா நான்?

நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை, அதனால் சொல்கிறேன். ஜூன் மாதம், சனிக்கிழமை. காலையில் மூன்று பை கட்டினேன். மூன்றாவது பதினான்காம் எண். மஞ்சளும் சாம்பலும் கலந்த துணி. கயிறுகளை எண்ணினேன், மடித்தேன், பைக்குள் விட்டேன், பின்னைச் செருகினேன், சின்ன பாராசூட்டை மடித்து அதன் இடத்தில் வைத்தேன். சின்னதிலிருந்து பின்னுக்குப் போகிற நாடா ஒரு சுருக்கம் இல்லாமல் நேராகப் போனது. அட்டை எழுதி, கொக்கியில் மாட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். ஒரு மணி நேரம் கழித்து அதைப் போட்டுக்கொண்டு நம் ஊர்ப் பல் டாக்டர் விமானத்திலிருந்து குதித்தார். சின்ன பாராசூட் வெளியே வந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்ததாம், பெரியது திறக்கவே இல்லையாம். அவசரத்துக்கு வைத்திருக்கும் இரண்டாவது பாராசூட் காப்பாற்றியது. கணுக்கால் உடைந்தது.

நாடா பின்னைச் சுற்றிக்கொண்டிருந்தது என்று மேனேஜர் மேசைமேல் பையைப் போட்டுக் காட்டினார். நான் கட்டினால் நாடா சுற்றாது என்றேன். "கட்டின பிறகு யாராவது இதைத் தொட்டீங்களா?" என்று எல்லோரையும் கேட்டார். நான் உன் முகத்தைப் பார்த்தேன். உனக்குத்தான் என் கட்டு தெரியும், நீதான் பயிற்சியாளன், நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீ உன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிரவுன் ஷூ. இடது கால் லேஸ் அவிழ்ந்திருந்தது.

மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். செப்டம்பரில் நீ பெட்டி கட்டிக்கொண்டு போனாய், என்னிடம் சொல்லாமல். அன்றிலிருந்து வீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பைகள் தைக்கிறேன்.

நவம்பரில் என்ன இருக்கிறது? சுற்றி வளைக்காமல் எழுது.

அண்ணி


பிப்ரவரி 26

அண்ணி,

சுற்றி வளைக்கவில்லை.

அன்றைக்குப் பதினான்காம் எண் பையைக் கொக்கியிலிருந்து எடுத்தது நான். புதிதாகச் சேர்ந்த ஆறு பேருக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். சரியாகக் கட்டிய பை எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டும். தொங்கிய பைகளில் உங்களுடையதுதான் பார்க்க அழகாக இருந்தது, அதனால் அதை எடுத்தேன். சின்ன பாராசூட்டை இழுத்தால் நாடா பின்னை எப்படிக் கழற்றும் என்று காட்டினேன். பிறகு பின்னைத் திரும்பச் செருகி, நாடாவை உள்ளே வைத்து, மூடியைச் சாத்தினேன். அப்போதே விமானத்துக்கு மணி அடித்துவிட்டார்கள். பையை மாட்டிவிட்டு ஓடினேன். பிரித்தேன் என்று அட்டையில் எழுதவில்லை. உங்களிடம் சொல்லவில்லை. உள்ளே இருந்த மடிப்பு உங்களுடையது, மேலே வைத்தது மட்டும்தான் என்னுடையது, அதற்கு என்ன என்று நினைத்தேன்.

மேசைமேல் அந்தப் பையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நாடா சுற்றியிருந்த பக்கம் என் கை போகிற பக்கம். நான் இடது கைக்காரன், நீங்கள் வலது. மேனேஜர் கேட்டபோது வாயைத் திறந்தால் என் லைசென்ஸ் போய்விடும், வானம் போய்விடும் என்று மட்டும்தான் தோன்றியது. அந்த ஒரு நிமிஷம் போன பிறகு வாயைத் திறப்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கஷ்டம். நீங்கள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே இருந்தீர்கள். பேசாமல் போட்டீர்கள். அதற்குமேல் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை.

வெளியூர் வந்து பத்திரிகைக்கு எழுதினேன். நடந்ததை அப்படியே, என் பெயர் போட்டு. கட்டியவர்மேல் எந்தத் தவறும் இல்லை, கட்டியவர் என் அண்ணி, நான் பார்த்ததில் அவரைப் போலக் கட்டுகிறவர் இல்லை என்று. நவம்பர் இதழ், நாற்பத்தொன்றாம் பக்கம். அதைப் படித்த அதிகாரிகள் என் பயிற்சியாளர் லைசென்ஸை ரத்து செய்தார்கள். புத்தகம் வீட்டுக்குத்தானே வருகிறது, அண்ணன் உங்களுக்குப் படித்துச் சொல்வார் என்று நினைத்தேன். நேரில் சொல்ல வாய் இல்லாததால் தபால்காரரைச் சொல்ல வைத்தேன். அது இன்னொரு கோழைத்தனம்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். உறையைப் பிரித்து யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். என் பெயரில் வந்ததை நீங்கள் பிரிக்க நான் அனுமதி தருகிறேன் என்று எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

மன்னிப்பீர்களா?

தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

பிரித்தேன். மகள் படித்தாள். மூன்று முறை படிக்கச் சொன்னேன். இப்போது எழுத முடியவில்லை. பல்லும் வலிக்கிறது.

அண்ணி


மார்ச் 6

அண்ணி,

உங்கள் மூன்று வரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கோபமா என்று தெரியவில்லை. இன்றைக்கு ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் ஒரே கயிற்றை நான்கு தடவை சோதித்தேன். கூட இருந்தவர் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

திட்டியாவது எழுதுங்கள்.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

திட்டுவதற்கு நிறைய இருக்கிறது, வரிசையாக வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் திட்டு வருவதற்குள் சிரிப்பு வந்துவிடும்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு முப்பத்தொன்றையும் தரையில் வரிசையாகப் பரப்பினேன். இரண்டாவதுதான் நவம்பர். இவ்வளவு நாளும் என் தலைமாட்டுக்கு நேர்கீழே இருந்திருக்கிறது. தையல் பிளேடால் உறையைக் கீறினேன். உன் பெயர் ஒட்டிய இடத்தை மட்டும் கிழிக்காமல் சுற்றிக் கீறினேன். மகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, நின்றபடியே படித்துச் சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, இதுக்காகவா நீ அந்தத் தெரு வழியா போகாம சுத்திக்கிட்டுப் போவ?" என்று கேட்டாள். திரும்பப் படி என்றேன். நீ "அவரைப் போலக் கட்டுகிறவர் இல்லை" என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தை மட்டும் தனியாக ஒருமுறை படிக்கச் சொன்னேன். அதை உன்னிடம் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

உன் அண்ணன் பிளேடை எடுத்தபோது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். எந்த மாதத்து உறையைக் கையில் வைத்திருந்தார் என்று யோசித்துப் பார்த்தேன். எல்லாம் நினைவிருக்கிறது, அது மட்டும் நினைவில்லை. அந்தக் கணக்கை உன்மேல் எழுதவில்லை. அது என்னுடையது.

அந்தத் தெரு என்று மகள் சொன்னது பல் டாக்டர் தெரு. இந்தப் பக்கத்தில் பல் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். வலது கடைவாய்ப் பல் எனக்குப் பதினாறு வருடமாக வலிக்கிறது. நான் உடைத்த கணுக்காலோடு நொண்டிக்கொண்டு வருகிற மனிதன் முன்னால் போய் எந்த முகத்தோடு வாயைத் திறப்பது? இடது பக்கமாகவே மென்று மென்று இடது பக்கமும் தேய்ந்துவிட்டது. நான்காம் தேதி, நவம்பரைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

அவர் தலை நரைத்திருக்கிறது. லேசாகத்தான் சாய்ந்து நடக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். நான் புத்தகத்தை நீட்டினேன், இதைப் படியுங்கள், உங்களுக்கும் ஒரு நிம்மதி என்றேன். அவர் வாங்கவே இல்லை, அட்டையை மட்டும் பார்த்தார்.

"இந்த நவம்பரா? என்கிட்டயும் இருந்துச்சும்மா. வெயிட்டிங் ரூம்ல ரெண்டு வருஷம் கிடந்துச்சு, அட்டை பிஞ்சு போற வரைக்கும். பல்லு பாக்க வந்தவங்க எல்லாருமே படிச்சுட்டாங்க, இங்கிலீஷ் தெரியாதவங்களுக்கு நானே படிச்சுச் சொன்னேன். நீங்க ஒருத்தர்தான் வரல."

நான் அங்கே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அது பல் பிடுங்குகிற நாற்காலி. அவரிடம் கேட்டேன், எல்லோருமா? எல்லோரும்தான், உங்கள் வீட்டுக்கும் வருகிற புத்தகம் என்பதால் யாரும் தனியாகச் சொல்லவில்லை என்றார். நோட்டுக் கடைக்காரி, தபால்காரர், பள்ளிக்கூட வாட்ச்மேன், எதிர் வீட்டு நர்ஸ். நோட்டுக் கடைக்காரி என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மாதிரி சிரிப்பாள், தம்பி. பரிதாபப்படுகிறாள் என்று நினைத்து அவளோடு பதினேழு வருடமாக நான் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்தில் ஐந்நூறு பை தைக்க என்னைத் தேடி வந்து கேட்டார்களே, அது ஏதோ இரக்கப்பட்டுக் கொடுத்த வேலை என்று நினைத்துத் தைத்தேன். இவள் தைத்தால் பிரியாது என்று தெரிந்துதான் கொடுத்திருக்கிறார்கள். ஊருக்கே தெரிந்த விஷயத்தை நான் ஒருத்திதான் மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்திருக்கிறேன்.

"நீங்க வராததுக்குக் காரணம், என்னாலதான் உங்க வேலை போச்சுன்னு என்மேல கோபம்னு நினைச்சேன்மா," என்றார் டாக்டர். மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து அடுத்தவர் கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தேன், அவர் விளக்கை இழுத்து உள்ளே பார்த்துவிட்டார். அன்றைக்கே பிடுங்கியாகிவிட்டது. கன்னம் வீங்கி மூன்று நாள் பேச முடியவில்லை. அதனால்தான் உனக்குக் கடிதமும் வரவில்லை. கையால்தானே எழுதுகிறோம், வாய்க்கு என்ன என்று நீ கேட்பாய். வீங்கின கன்னத்தோடு யோசனையே ஓடாது, உனக்கு வந்தால் தெரியும்.

வீட்டுக்கு வரும்போது நேராக அந்தத் தெரு வழியாகவே வந்தேன். எட்டு நிமிஷம். சுற்றிக்கொண்டு போனால் இருபத்தைந்து. நோட்டுக் கடையில் நின்று ஒரு பேனா வாங்கினேன். அந்தப் பேனாதான் இது. நன்றாக எழுதுகிறது.

இனித் திட்டு. பை பிரித்தால் சொல்ல வேண்டும், நீ சொல்லவில்லை. ஒன்று. மேனேஜர் கேட்டபோது சொல்லவில்லை. இரண்டு. போகும்போது சொல்லவில்லை. மூன்று. என் கல்யாணத்துக்கு வந்த வெள்ளிக் கிண்ணத்தைச் சவரத்துக்கு எடுத்துக்கொண்டு போனவன் நீதான், அதையும் சொல்லவில்லை. நான்கு. அது எங்கே?

மன்னிப்பேனா என்று கேட்டிருக்கிறாய். நான் எதையும் அவசரமாகக் கட்டியதில்லை, இப்போதும் கட்ட மாட்டேன். பாதிக்குமேல் மடித்தாகிவிட்டது, அவ்வளவு சொல்லலாம்.

புத்தகங்களைப் போடத்தான் போகிறேன். எவன் கிழித்து எந்தப் பொட்டலம் கட்டினாலும் எனக்கு இனிமேல் ஒன்றும் இல்லை. நூற்று எழுபத்தைந்தும் கட்டி வாசலில் வைத்தாகிவிட்டது. கட்டிலுக்கு அடியில் குனிந்து பெருக்கினேன், இத்தனை இடம் அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது. பேத்தி உள்ளே போய் உருண்டுவிட்டு வந்தாள்.

நவம்பர் மட்டும் அலமாரியில் இருக்கும், புடவைகளுக்கு மேலே. அதற்குள் ஒரு அட்டை எழுதி வைத்திருக்கிறேன், கொட்டகையில் எழுதுகிற மாதிரியே. தேதி. எண் பதினான்கு. பிரித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. பிரித்தால் எழுதத்தான் வேண்டும்.

மீதி முப்பது உன் பெயரில் உறைக்குள் இருக்கின்றன. அவற்றை நான் தொட மாட்டேன். பதினைந்தாம் தேதிக்கு முன்னால் வந்து நீயே பிரித்துப் பார், இல்லையென்றால் பிரிக்காமலே கடையில் போடு, எப்படியோ உன் கையால் நடக்கட்டும். நீலச் சட்டையையும் எடுத்து வா, அந்தப் பொத்தானை மாற்ற வேண்டும். நாங்கள் இருப்பது அதே நான்காவது மாடி. லிஃப்ட் எட்டு நாளாக நின்று கிடக்கிறது, பார்க்க ஆள் வரவில்லை என்கிறார்கள். வரும்போது உன் கருவிப் பெட்டியைக் கொண்டு வா. அதைச் சரிபார்த்து முடித்ததும் என்னிடம் சொல். நான் முதல் ஆளாக ஏறுகிறேன்.

அண்ணி